எழில் மொழிக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வண்ணம் பூசுவது எப்படி?

பைத்தான், ஜாவா, பிஎச்பி என்று எந்த நிரலைத் திறந்தாலும் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டர் அதன் சொற்களுக்கு உடனே வண்ணம் காட்டிவிடும். எழில் நிரலைத் திறந்தால் எல்லாம் ஒரே கறுப்பு. முத்து அண்ணாமலை உருவாக்கிய இந்தத் தமிழ் நிரல் மொழி அதன் பட்டியலில் இல்லை. பரவாயில்லை, நாமே சேர்த்துவிடலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் சோதனைக்கு ஒரு சின்ன நிரல். கோப்பின் எக்ஸ்டென்ஷன் ஆங்கிலச் சிறிய எழுத்து 'என்' (.n). என்கோடிங் மெனுவில் யூடிஎஃப்-8 தேர்வாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் = 62
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    முடிவு = "தேர்ச்சி"
இல்லை
    முடிவு = "தோல்வி"
முடி
பதிப்பி முடிவு

அடுத்து லாங்குவேஜ் மெனுவில் யூசர் டிஃபைன்ட் லாங்குவேஜ், அதற்குள் டிஃபைன் யுவர் லாங்குவேஜ். வரும் பெட்டியில் கிரியேட் நியூ அழுத்தி 'எழில்' என்று பெயர் கொடுங்கள். பக்கத்தில் உள்ள எக்ஸ்ட் கட்டத்தில் அந்த 'என்' எழுத்தை மட்டும் இடுங்கள், புள்ளி வேண்டாம்.

கீவேர்ட்ஸ் லிஸ்ட்ஸ் தாவலில் எட்டுக் குழுக்கள் இருக்கும். முதல் குழுவில் ஆனால், இல்லை, வரை, முடி, நிரல்பாகம், பின்கொடு ஆகியவற்றை இடைவெளி விட்டு எழுதுங்கள், காற்புள்ளி கூடாது. இரண்டாவதில் பதிப்பி. ஒவ்வொரு குழுவிலும் ஸ்டைலர் பொத்தானை அழுத்தி நிறம் தேர்ந்தெடுங்கள். தடித்த எழுத்து சரி, சாய்வெழுத்து மட்டும் வேண்டாம். தமிழில் பார்க்கச் சகிக்காது.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். குழுவுக்குக் கீழே பிரிஃபிக்ஸ் மோட் என்று ஒரு டிக் உண்டு. ஏதோ நல்லது போல என்று போட்டுவிட்டேன். 'முடி' மட்டுமல்லாமல் 'முடிவு' என்ற மாறியும் (மதிப்பைச் சேமிக்க நாம் வைத்த பெயர்) சேர்ந்து நீலமானது. காரணம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று: அந்த டிக் இருந்தால், சொல்லின் தொடக்கம் பொருந்தினாலே போதும். தமிழில் ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருப்பது சாதாரணம்தானே. டிக்கை எடுத்துவிடுங்கள்.

கமென்ட் தாவலில் வரிக் குறிப்பின் (கமென்ட் லைன்) ஓப்பன் கட்டத்தில் ஹாஷ் குறி (#). ஆப்பரேட்டர்ஸ் தாவலில் முதல் கட்டத்தில் @ ( ) = > < + - * / எல்லாம் இடைவெளியோடு. இதை விட்டுவிட்டால், அடைப்புக்குறியை ஒட்டி ')ஆனால்' என்று எழுதும்போது நிறம் வராது. அதே தாவலில் டிலிமிட்டர் ஒன்றின் ஓப்பன், க்ளோஸ் இரண்டிலும் இரட்டை மேற்கோள் குறி.

கோப்பை மூடித் திறங்கள். அப்போதும் கறுப்பாகவே இருந்தால் லாங்குவேஜ் மெனுவின் அடியில் 'எழில்' இருக்கும், அதைச் சொடுக்குங்கள்.

ஒன்று மட்டும்: இது நிறம் பூசுவதோடு சரி. கடைசி 'முடி'யை மறந்தாலும் அழகாகவே காட்டும். தவறு இருக்கிறது என்று தெரிவது எழிலில் ஓட்டிப் பார்க்கும்போதுதான்.