மச்சுக்கு மூச்சு விட வழி செய்தேன்

நாகர்கோவிலில் எங்கள் பழைய வீட்டுக்குப் பலகை மச்சு; அதாவது அறைக்கு மேலே, கூரைக்கு அடியில் பலகைத் தளம். ஒழுகுகிறது என்று கூரை ஓடுகளைப் பிரித்துத் தகர ஷீட் போட்டோம். அதன்பின் ஏப்ரலில் ராத்திரி எட்டு மணிக்கும் மச்சுப் பலகை சுடும். ஏ.சி. நிற்காமல் ஓடியும் அறை குளிரவில்லை.

ஒரு மதியம் தெர்மாமீட்டரோடு மச்சில் ஏறினேன். வெளியே 34 டிகிரி, அங்கே 49. ஓட்டு இடுக்கில் வெளியேறிய சூடு இப்போது போக வழியில்லை. முக்கோணச் சுவரில் தாத்தா வைத்த இரண்டு துளைகளையும் புறாத் தொல்லைக்காக நாங்களே பூசி அடைத்திருந்தோம்.

முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். அது தவறு. வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாததால், பலகை இடுக்கு வழியாக அறையின் குளிர்ந்த காற்றைத்தான் அது உறிஞ்சியது. கழற்றிவிட்டேன்.

மச்சுத் தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதி. எங்கள் 600 சதுர அடிக்கு 4 சதுர அடி. பாதியைக் கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்திலும் மீதியை முகட்டருகிலும் திறந்தோம். சூடான காற்று மேலே வெளியேற, கீழிருந்து புதுக்காற்று ஏறுகிறது. புறாவுக்காகக் கம்பிவலை அடித்தோம்; வலை காற்றைக் கொஞ்சம் மறிக்கும், அதனால் துளைகளைச் சற்றுப் பெரிதாகவே வெட்டச் சொன்னேன்.

இப்போது அதே மதிய நேரத்தில் 41. தகரத்தின் வெக்கை பலகையில் நேராக இறங்குவது மட்டும் நிற்கவில்லை. அதற்கு ஷீட்டுக்கு அடியில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அலுமினியப் படலம் அடிக்க வேண்டும். மழைக்கு முன்னால் முடித்துவிடுவேன்.