நைட்ரஸ் எப்போது திறக்க வேண்டும்: இன்னும் ஓயாத சில தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பானட்டைத் திறந்து காட்டினார். நைட்ரஸ் கிட் போட்டிருந்தார்: நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கூடுதல் பெட்ரோலோடு என்ஜினுக்குள் செலுத்தி, அதன் ஆக்சிஜனால் அதிக சக்தி எடுக்கும் ஏற்பாடு. வயரிங் அவ்வளவு சுத்தம். டேஷ்போர்டில் மொத்த ஏற்பாட்டையும் தயார் நிலையில் வைக்கும் ஆர்மிங் சுவிட்ச், முழுசாக மிதித்தால் அழுந்தும்படி ஆக்சிலேட்டருக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச், ரிலே, நைட்ரஸுக்கும் பெட்ரோலுக்கும் தனித்தனி சோலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு). ஒன்று மட்டும் இல்லை. என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) ஓடுகிறது என்று பார்க்கும் பொருள் எங்கேயும் இல்லை. "முழுசா மிதிச்சாத்தானுங்ணா தெறக்கும், அப்புறம் என்னங்ணா பயம்?" என்றார். பல வருஷத்துக்கு முன்னால் இதையே நான் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டிலை எந்தச் சாய்வில் மாட்டுவது, நைட்ரஸுக்கும் பெட்ரோலுக்கும் அளவு வைக்கும் துளையுள்ள ஜெட்டுகளை இடம் மாற்றிப் போடாமல் இருப்பது எல்லாம் கிட்டோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். இன்னொன்று: இது டிராக்கில் ஓடும் வண்டிக்கு மட்டும். ரோட்டில் ஓடும் வண்டியை இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது.

ஆக்சிலேட்டரை மட்டும் நம்புவது

என்ஜினை உடைப்பது பெரும்பாலும் இதுதான். காரணம் புரிந்துவிட்டால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

என்ஜின் வேகமாகச் சுற்றினால் அதிகக் காற்றை இழுக்கும், மெதுவாகச் சுற்றினால் குறைவாக இழுக்கும். நைட்ரஸ் அப்படியில்லை. ஜெட்டின் துளையும் பாட்டிலின் அழுத்தமும்தான் அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினாலும் 6,000 ஆர்பிஎம்மில் ஓடினாலும் ஒரு நொடிக்கு வருவது ஒரே அளவுதான்.

நாலு சிலிண்டர் என்ஜினில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்கு 200 முறை காற்றை இழுக்கிறது. 2,000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 67 முறை. அப்போது 200 பங்காகப் பிரிய வேண்டிய நைட்ரஸ் 67 பங்காகத்தான் பிரியும். ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் மூன்று மடங்கு போகும். பிஸ்டனும் மெதுவாக நகர்வதால் அந்த அழுத்தம் முழுவதும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் தலையில் இறங்கும். அது போதாதென்று, காற்றோட்டம் குறைவாக இருப்பதால் பெட்ரோல் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்) தேங்கி நிற்கும். அதில் ஒரு பேக்ஃபயர் விழுந்தால், அதாவது தீ பின்னோக்கிப் பாய்ந்தால், மேனிஃபோல்டே பிளந்துவிடும்.

என் வண்டி பழைய 1.6 லிட்டர் பெட்ரோல் செடான். 50 குதிரைத்திறன் ஜெட்தான் போட்டிருந்தேன், சின்ன அளவு. ஸ்டார்ட் நன்றாகவே போனது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் சரியாக விழாமல் வேகம் இறங்கிவிட்டது. அவசரத்தில் மூன்றில் தள்ளி முழுசாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. மைக்ரோ சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. கீழிருந்து சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். பிறகு ஒரு நடுக்கம்.

ஹெட்டைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றி ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து பார்த்தோம். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்று பிஸ்டன்களும் பிளாக்கின் விளிம்புக்குச் சமமாக வந்து நின்றன. மூன்றாவது மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. ராடு வளைந்திருந்தது. அந்தப் பள்ளத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மிதி சொல்வது டிரைவரின் ஆசையை. என்ஜின் எவ்வளவு தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. அதற்குத்தான் விண்டோ சுவிட்ச். இந்த ஆர்பிஎம்முக்கு மேலே திற, இந்த ஆர்பிஎம்மில் மூடு என்று இரண்டு எல்லை வைக்கலாம். கீழ் எல்லையை 3,000க்குக் குறைத்து நான் யாருக்கும் வைப்பதில்லை. முழு கிட்டையும் வாங்குகிறவர்கள் இந்தச் சின்னப் பெட்டிக்கு மட்டும் கை சுருக்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பல்ஸ் கணக்கைத் தப்பாகப் போடுவது

விண்டோ சுவிட்ச் இருந்தும் என்ஜின் போன வண்டிகள் உண்டு. அந்தப் பெட்டி, ஸ்பார்க்கைத் தூண்டும் இக்னிஷன் பல்ஸை எண்ணித்தான் ஆர்பிஎம்மைக் கணக்கிடுகிறது. நாலு சிலிண்டருக்கு இரண்டு காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) உள்ள வண்டியில் ஒரு காயில் ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ் தரும். அந்த வயரில் இணைத்துவிட்டு 'நாலு சிலிண்டர்' என்று வைத்தால், பெட்டி ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸை எதிர்பார்க்கும். வருவது பாதிதான். 3,000 என்று வைத்த எல்லை நிஜத்தில் 6,000இல் திறக்கும், மேல் எல்லை வரவே வராது. 'ஒரு சிலிண்டர்' என்று வைத்தால் நேர்மாறு: 1,500லேயே திறந்துவிடும். அந்த வயருக்குச் சரியானது 'இரண்டு சிலிண்டர்'.

சோதிப்பது சுலபம். பாட்டிலை மூடுங்கள், இரண்டு சோலினாய்டின் கனெக்டரையும் கழற்றுங்கள், அந்த இடத்தில் 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி வைப்பர் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். கூட இருப்பவர் மைக்ரோ சுவிட்சைக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும். நியூட்ரலில் மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். மீட்டரில் 3,000 வரும்போது பல்பு எரிய வேண்டும். மேல் எல்லையைத் தற்காலிகமாக 4,000க்கு இறக்கி, அங்கே அணைகிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

லிமிட்டரில் முட்டுவது

என்ஜின் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் வேலை செய்யும்போது, பல வண்டிகளில் ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். நைட்ரஸ் நிற்காது. ஆக்சிஜன் ஏராளம், பெட்ரோல் பற்றாக்குறை, பிஸ்டன் உருகும். மேல் எல்லை லிமிட்டருக்கு 300 ஆர்பிஎம்மாவது கீழே இருக்கட்டும்.

மிதியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச், எலக்ட்ரானிக் திராட்டில் வண்டியில்

இந்த வண்டிகளில் காற்றை உள்ளே விடும் திராட்டில் தகட்டைத் திறப்பது மிதியில்லை, ஈசியூ. மிதி முழுசாக இருக்கும், தகடு பாதிதான் திறந்திருக்கும். திராட்டில் பாடியின் சென்சாரிலிருந்து சிக்னல் எடுங்கள்.

கிளட்ச் சுவிட்ச்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கியர் மாற்றுகிறவரா? கிளட்சை மிதித்ததும் நைட்ரஸை வெட்டும் இந்தச் சுவிட்சைக் கட்டாயம் போடுங்கள்.

ஃபியூஸ் இல்லாத வயரிங்

வேண்டாம்.

வெயிலில் நின்ற பாட்டில்

36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாக இருக்காது, அழுத்தம் 1,050 பிஎஸ்ஐக்கு மேலே போய்விடும். மே மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மூடிய டிக்கிக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. பெட்ரோல் ஜெட் அப்படியே இருக்க, நைட்ரஸ் ஓட்டம் மட்டும் மாறிப்போகும். நேற்று சரியாக இருந்த கலவை இன்று சரியாக இருக்காது. ஆர்மிங் சுவிட்சைத் தொடும் முன் பாட்டில் கேஜைப் பாருங்கள். முள் 1,000ஐத் தாண்டி நின்றால் பாட்டில் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள், உங்கள் முறை போனாலும் பரவாயில்லை.

அந்தத் தம்பியின் வண்டியில் விண்டோ சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் நைட்ரஸை வெட்டும் சுவிட்ச் இன்னும் வரவில்லை. அது வரும்வரை பாட்டில் என் பட்டறையில்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.