பின் லைட் கோளாறு: பல்ப் வாங்கப் போகும் முன் எர்த்தைப் பாருங்கள்

காரின் பின் லைட் எரியவில்லை என்றதும் பெரும்பாலும் நடப்பது பல்ப் மாற்றுவதுதான். பல்ப் மலிவு, மாற்றுவதும் சுலபம், அதனால் அங்கே தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் புது பல்ப் போட்ட பிறகும் மங்கலாகவே எரிகிறது, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக மின்னுகிறது, மழை பெய்த மறுநாள் மட்டும் எரிய மாட்டேன் என்கிறது என்றால் அது வயரிங் விவகாரம். அதிலும் பெரும்பாலும் எர்த் விவகாரம், அதாவது பல்புக்கு வந்த கரண்ட் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழியில்தான் கோளாறு. ப்ளஸ் வயரையே துரத்திக்கொண்டு டேஷ்போர்டு வரை பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் டிக்கிக்குள் துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுரண்டியதும் சரியாகிவிட்ட வண்டிகள் ஏராளம்.

நான் சொல்லப்போவது சாதாரண பல்ப் போட்ட வண்டிகளுக்கு. மாருதி 800, ஆல்டோ, பழைய ஸ்விஃப்ட், சான்ட்ரோ, இண்டிகா மாதிரி. முழுக்க எல்.இ.டி. வைத்து ஒட்டி மூடிய லைட்டுகளுக்குப் பாதிதான் பொருந்தும்.

கையில் என்ன வேண்டும்? ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த நீளமான ஒரு வயர், 400 நம்பர் உப்புத்தாள். டெஸ்ட் லேம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்ப் ஒன்றை எடுத்து இரண்டு வயர் வைத்து ஈயப்பற்று வைத்தால் போதும். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்து, அரித்துப்போன ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரில்கூட அது 12 வோல்ட் என்று ஜம்மென்று காட்டும். நீங்களும் வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி வேறெங்கோ தேடப் போவீர்கள். 21 வாட் பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும், அந்த ஒற்றை இழையால் அதை ஒழுங்காக எரிய வைக்க முடியாது, குட்டு உடைந்துவிடும்.

எதையும் கழற்றும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எது எரிகிறது, எது எரியவில்லை என்று பாருங்கள். வீட்டில் யாரையாவது ஸ்டியரிங் பக்கம் உட்கார வைத்து, பார்க் லைட், பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். முக்கியமாக, பார்க் லைட் எரியும்போதே பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும், ஒரே ஒரு லைட் மட்டும் எரியவில்லை என்றால் பல்ப் அல்லது ஹோல்டர். இரண்டு பக்கமும் பிரேக் லைட் இல்லை, மேலே கண்ணாடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டும் இல்லை என்றால் பியூஸ் அல்லது பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச். மூன்றாவது மட்டும் எரிந்து கீழே இரண்டும் எரியவில்லை என்றால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம், கோளாறு பின்னால்தான். பார்க் லைட்டில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு, பல வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ் இருக்கும். அதனால் ஒரு பக்கம் முன்னாலும் பின்னாலும் சேர்ந்து அணைந்திருந்தால் முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இனி எர்த். பின் லைட் ஒன்றுக்குள் பார்க், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாவற்றுக்கும் ப்ளஸ் தனித்தனியாக வரும், ஆனால் திரும்பிப் போகும் எர்த் வயர் பெரும்பாலும் ஒன்றேதான். அது துருப்பிடித்தால் கரண்ட் சும்மா நிற்காது. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் புகுந்து போகிற மாதிரி, பக்கத்து பல்ப்பின் ஃபிலமென்ட் வழியாகப் புகுந்து, அந்த வயரில் பின்னோக்கிப் போய், எதிர்ப்பக்கத்து லைட்டின் எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். இதனால் வரும் அறிகுறிகள் பேய் பிடித்த மாதிரி இருக்கும். பார்க் லைட் நன்றாக எரியும், பிரேக்கை மிதித்ததும் அணைந்துவிடும். காரணம் எளிது: 5 வாட் ஃபிலமென்ட் இதுவரை பிரேக் வயர் வழியாகத்தான் எர்த் தேடிக்கொண்டிருந்தது, பிரேக் மிதித்ததும் அந்த வயரிலும் 12 வோல்ட் வந்துவிட்டது, இரு முனையிலும் ஒரே வோல்ட்டேஜ் என்றால் கரண்ட் எங்கே ஓடும்? அதேபோல், லைட்டே போடாமல் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு லேசாக மினுங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து துடிப்பதும் இந்த வகைதான்.

ஆனால் எர்த்தைக் குற்றம் சொல்லும் முன் பல்பை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், இதே நாடகத்தை ஆடும் இன்னொரு ஆள் உண்டு. பின்னால் போடுவது 21/5 வாட் டபுள் ஃபிலமென்ட் பல்ப். அதன் பித்தளைப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. அடியில் இரண்டு ஈயப்புள்ளி. யாராவது சிங்கிள் ஃபிலமென்ட் பல்பைத் திருகி அழுத்தி மாட்டியிருந்தால் அதன் ஒற்றைப் புள்ளி, ஹோல்டரின் இரண்டு காண்டாக்ட்டையும் சேர்த்துப் பிடித்துவிடும். அப்புறம் பிரேக் மிதித்தால் நம்பர் பிளேட் லைட் வரை எரியும். பல்புக்குள் அறுந்த ஃபிலமென்ட் இன்னொன்றின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டாலும் இதே கதை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பல்ப் சரி என்றால் எர்த்தைச் சோதிக்க ஒரே ஒரு வேலை. கிளிப் வயரின் ஒரு முனையை டிக்கிக்குள் பெயின்ட் இல்லாத நல்ல போல்ட்டில் மாட்டுங்கள், மறுமுனையை ஹோல்டரின் எர்த்தில் தொடுங்கள். லைட் பளிச்சென்று ஆனால் முடிந்தது, கோளாறு எர்த்தில்தான். மீட்டரில் பார்க்க வேண்டும் என்றால், லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு முனையை ஹோல்டர் எர்த்திலும் கருப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள் (கிளிப் வயர் நீளமாக இருக்க வேண்டும் என்றது இதற்கும் சேர்த்துத்தான்). 0.1, 0.2 வோல்ட் காட்டினால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. எர்த் வயர் எது என்பதை நிறம் பார்த்து முடிவு செய்வதில் கொஞ்சம் கவனம் தேவை: மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் கருப்பு, டொயோட்டாவில் வெள்ளையில் கருப்புக் கோடு, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் பழுப்பு.

அந்த எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டிக்கிக்குள் எங்காவது ஒரு போல்ட்டில் வளையமாக மாட்டியிருப்பார்கள். டிங்கர் வேலை, பெயின்ட் வேலை நடந்த வண்டி என்றால் முதல் சந்தேகம் அந்த இடத்தின் மேல்தான், புதுப் பெயின்ட்டுக்கு மேலேயே வளையத்தை மாட்டி முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். கழற்றி, தகரம் பளபளவென்று தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, பல்வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிட்டால் ஈரம் ஏறாது.

எர்த் நன்றாக இருந்தும் எரியவில்லையா? இப்போது ஹோல்டருக்குப் போகலாம். லைட் கண்ணாடியின் ரப்பர் பீடிங் தளர்ந்து போன வண்டிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, காண்டாக்ட் முழுக்கப் பச்சையாகப் பூத்திருக்கும். சென்னையில் கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளுக்கு மழையே தேவையில்லை, உப்புக் காற்றே போதும். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பிற்பாடு வாங்கியவர்கள் கம்பளத்துக்கு அடியில் போகும் கப்ளர்களையும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகள்) ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. லேசான பச்சை என்றால் தேய்த்துவிடலாம். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்திருக்கும், திரும்பவும் சூடாகி உருகும். வயரோடு சேர்ந்த ஹோல்டர் வாங்கி மாட்டுங்கள். கம்பெனியில் முழு செட்டாகத்தான் தருவோம் என்றால் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் நல்லதாகப் பொறுக்கி எடுக்கலாம்.

பின் கதவு மேலே திறக்கும் ஹேட்ச்பேக் வண்டிகளில் இன்னொரு இடம் உண்டு. கதவில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட், நம்பர் பிளேட் லைட், வைப்பர் எல்லாவற்றுக்குமான வயர் கீல் ஓரமாக ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அந்த வயர்கள் மடங்கிக்கொண்டே இருக்கின்றன, பத்து வருஷ வண்டியில் ஒன்றிரண்டாவது உள்ளே முறிந்திருக்கும். கதவைத் தூக்கினால் எரிகிறது, மூடினால் அணைகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். குழாயின் இரு முனையையும் பிடுங்கி, உள்ளே இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு முறிந்த வயர் அந்த இடத்தில் மட்டும் ரப்பர் பேண்ட் போல நீளும், வெளித்தோல் முழுசாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்று முறிந்திருந்தால் மற்றவையும் முறியும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒட்டுப் போடும்போது, வெட்டிய முனையில் செம்பு கருத்தோ பச்சையாகவோ இருந்தால் பளபளப்பான செம்பு வரும் வரை இன்னும் பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள், கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது. 1 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். கீல் பக்கம் என்றால் ஒட்டு மடங்கும் இடத்தில் வரக்கூடாது, மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயரைக் கொஞ்சம் தாராளமாக நீளம் விட்டு, இரண்டு ஒட்டையும் குழாய்க்கு வெளியே வரும்படி போடுங்கள். சூடாக்கினால் சுருங்கி ஒட்டைக் கவ்விக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் கட்டாயம். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலில் இரண்டு கோடைகூடத் தாங்காது, பசை இளகி டேப் தானாகவே அவிழ்ந்துவிடும்.

பிரேக் ஸ்விட்ச் பற்றி. பெடலின் மேல் பகுதியில், ஒரு சின்ன மூக்கு மாதிரி பெடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். கப்ளரைப் பிடுங்கி அதன் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் பிரேக் லைட் எரிகிறதா? அப்படியானால் ஸ்விட்ச் போச்சு. நான்கு வயர் வரும் புது வண்டிகளில் இந்த வேலை வேண்டாம், அதில் இரண்டு கம்ப்யூட்டருக்குப் போகிறது. பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்கிறது, காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்றால் டிரைவர் பக்கத்து மிதியடியைப் பாருங்கள். உடைந்த பிளாஸ்டிக் துணுக்கு ஏதாவது கிடந்தால், ஸ்விட்ச் மூக்கு முட்டி நிற்கும் ஸ்டாப்பர் நொறுங்கிவிட்டது, மூக்கு அந்த ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹோண்டா, ஹூண்டாய் வண்டிகளில் வயசானால் இது சகஜம். சின்ன சாமான்தான், ஆனால் ஸ்விட்ச்சையே மாற்றிவிட்டு அப்புறமும் லைட் எரிகிறதே என்று முழிப்பவர்கள் உண்டு.

பியூஸ் போட்டதும் எரிந்துபோகிறது என்றால் ஷார்ட். அதற்காக 10 ஆம்பியர் சிவப்புப் பியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைச் சொருகாதீர்கள், சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளும் வேண்டாம், அடுத்தபடி எரிவது வயரிங்தான். பியூஸ்களை வீணாக்காமல் தேட ஒரு வழி இருக்கிறது. அந்த லைனில் உள்ள பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இரண்டு ஓட்டையில் நம்முடைய 21 வாட் டெஸ்ட் லேம்பை இணைத்து லைட் ஸ்விட்ச்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அது முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட்டை அதுவே கட்டுப்படுத்திக்கொள்வதால் வயருக்கு ஆபத்தில்லை. இப்போது வயர் போகும் பாதையை ஒவ்வோர் இடமாக ஆட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கை வைத்ததும் டெஸ்ட் லேம்ப் சிமிட்டுகிறதோ அங்கேதான் ஷார்ட். பின்னால் ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா மாட்டிய இடங்கள், பின் சீட் போல்ட்டுக்கு அடியில், டிக்கி மூலை, எலி கடித்த இடம், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர் தென்பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, ஊசியால் குத்துவது, டெஸ்ட் லேம்ப் வைப்பது எதுவும் அதில் கூடாது.

கொஞ்சம் புது வண்டிகளில் பின் லைட்டை பாடி கம்ப்யூட்டர் நேரடியாக இயக்கும். ஒரே ஃபிலமென்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்துப் பார்க் லைட்டாகவும் முழுதாகக் கொடுத்து பிரேக் லைட்டாகவும் எரிய வைக்கும் வண்டிகளும் உண்டு, அதில் மீட்டர் 12 வோல்ட்டைவிடக் குறைவாகக் காட்டினால் அது கோளாறு இல்லை. எர்த், ஹோல்டர், கீல் வயர் வரை நீங்களே பாருங்கள், அதற்கு மேல் ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வேலை முடிந்ததும் டிக்கி டிரிம்மை, அதாவது உள்பக்க மூடியை, உடனே மாட்டிவிட வேண்டாம். பார்க், பிரேக், ஹஸார்ட், ரிவர்ஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு, டிக்கிக் கதவை நாலைந்து முறை திறந்து மூடி, லைட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். எந்த லைட்டும் தடுமாறவில்லை என்றால் மாட்டலாம்.