கூப்பிட்டு அடிக்காதீர்கள்: நாய் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, நாலு மாத லேப்ரடார் குட்டியோடு வந்திருந்தார். செயின் கையிலிருந்து நழுவிவிட்டது. குட்டி பருத்திப்பால் வண்டிப் பக்கம் ஓடியது, அங்கிருந்து பூக்காரம்மா பக்கம், அப்புறம் படிக்கட்டு. "டைகர், வா! டேய் டைகர், வாடா!" என்று கால்மணி நேரம் கத்தினார். கடைசியில் குட்டி தலையைத் தாழ்த்தி, வாலை ஆட்டிக்கொண்டே அவர் காலடிக்கு வந்தது. வந்ததும் காதைப் பிடித்துத் திருகி முதுகில் ரெண்டு வைத்தார். "இனிமே ஓடுவியா?"

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். அதனால் பார்த்துவிட்டு என்னால் நடையைத் தொடர முடியவில்லை. அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பாடு, தடுப்பூசி, பூச்சி மருந்து இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். நாய்மேல் உண்மையான பாசம் இருப்பவர்களே தெரியாமல் செய்கிற தவறுகள் மட்டும்.

கூப்பிட்டு அடிப்பது

என் முதல் நாய் ஒரு கன்னி. கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்புள்ளி. சாத்தூர்ப் பக்கம் மாமா வீட்டிலிருந்து வந்தது. மின்னல் என்று பெயர் வைத்தோம். அப்போது நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்தோம். கன்னி, சிப்பிப்பாறை இரண்டுமே கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய்கள். எது ஓடினாலும் பின்னாலேயே போகும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையடிவாரம் முழுக்க மயில்கள். கேட் திறந்தால் போதும், மின்னல் பறந்துவிடும். நான் கூப்பிடுவேன். வரும். வந்ததும் அடிப்பேன்.

மூன்றாவது வாரம், கூப்பிட்டால் நின்று யோசிக்க ஆரம்பித்தது. இரண்டாவது மாதம், கைக்கு எட்டாத தூரம்வரை வந்து நின்றுகொள்ளும். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. இன்னும் பலமாக அடித்தேன்.

ஒரு சாயங்காலம் மயிலை விரட்டிக்கொண்டு தேனி ரோட்டு ஓரம்வரை போய்விட்டது. மயில் பறந்துபோக, மின்னல் ரோட்டுக்கு இந்தப் பக்கமே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய் "மின்னல், வா!" என்று கத்தினேன். என்னைத் திரும்பிப் பார்த்தது. காதைப் பின்னால் மடித்தது. சட்டென்று திரும்பி ரோட்டுக்குள் ஓடியது. ஒரு வேன் பின்னங்காலில் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தது. அதன் பிறகு ஒன்பது வருடம் மூன்று காலில்தான் வாழ்ந்தது. நான் கூப்பிடாமல் சும்மா நின்றிருந்தால் அது ரோட்டில் இறங்கியே இருக்காது.

அடிக்கிறவர் மனதில் இருக்கிற கணக்கு "ஓடினாய், அதற்கு அடி" என்பது. நாயிடம் அந்தக் கணக்கே கிடையாது. கால்மணி நேரத்துக்கு முன்னால் ஓடியதையும் இப்போது விழுகிற அடியையும் அதனால் முடிச்சுப் போட முடியாது. ஒன்றிரண்டு நொடிக்குள் நடப்பதைத்தான் சேர்த்துப் பார்க்கும். அடிக்கு முந்தின நொடியில் அது என்ன செய்தது? உங்களிடம் வந்தது. அப்படியானால் வந்ததற்குத்தான் அடி. "வா" என்றால் வலி. இப்படித்தான் அது பாடம் படிக்கிறது. நல்ல புத்திசாலி நாய் இதை ரெண்டே தடவையில் படித்துவிடும்.

இதைச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "இல்லண்ணே, அதுக்குத் தப்பு தெரியும். முகத்தப் பாருங்க, எப்படி முழிக்குதுன்னு." அந்த முகம் குற்ற உணர்ச்சி இல்லை. நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், அடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிற முகம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 14 நாய்கள். தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, வளர்ப்பவரை வெளியே அனுப்பினார்கள். சில தடவை நாய் தின்றது, சில தடவை தின்னவில்லை. ஆனால் நாய் தின்றதா இல்லையா என்று வளர்ப்பவரிடம் சொன்ன தகவல் சில தடவை உண்மை, சில தடவை பொய். தின்னாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முழி முழித்தது. அந்த முகத்தை வரவைத்தது திட்டுதான். நாய் செய்த காரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடிக்காதவர்களும் இந்தத் தவறிலிருந்து தப்புவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாயை எதற்கெல்லாம் கூப்பிடுகிறோம்? குளிப்பாட்ட, மாத்திரை போட, காதில் மருந்து விட, சங்கிலியில் கட்ட, விளையாட்டை முடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக. ஒவ்வொரு தடவையும் "வா" என்ற சொல்லுக்குப் பின்னால் அதற்குப் பிடிக்காத ஒன்று காத்திருக்கிறது. ஒரு அடிகூட விழாமலே அந்தச் சொல் கெட்டுப்போகும். போதாததற்குத் திட்டுவதும் கூப்பிடுகிற அதே பெயரைச் சொல்லித்தான். பிடிக்காத வேலை எதுவானாலும் நீங்களே எழுந்து போய், பெல்ட்டைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். கூப்பிடாதீர்கள்.

கெட்டுப்போன சொல்லைச் சரிசெய்ய முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மாற்றிவிடுங்கள். நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிற சொல் "இந்தா". யோசித்துப் பாருங்கள், யாரையும் நாம் "இந்தா" என்று சொல்லித் திட்டுவதில்லை. "வா" என்னும்போது கை வெறுமையாக இருக்கும், "இந்தா" என்னும்போது கையில் ஏதாவது இருக்கும். சொல்கிறவர் குரலும் தானாகக் கனிந்துவிடுகிறது. பழக்குகிறவரையும் சேர்த்துப் பழக்குகிற சொல் அது. மின்னலுக்கு நான் கடைசியில் கண்டுபிடித்ததும் அதைத்தான். கால் போன பிறகு.

பழக்கும் முறை இதுதான். கோழி ஈரலை உப்புப் போடாமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். நாய் இரண்டடி தூரத்தில் இருக்கும்போது "இந்தா" என்று ஒரே ஒரு தடவை சொல்லி உடனே கொடுங்கள். அது இன்னும் எதுவும் செய்யவில்லையே என்று பார்க்க வேண்டாம், முதலில் சொல்லுக்கு ருசி ஏறட்டும். சொல் காதில் விழுந்ததும் தலை வெடுக்கென்று திரும்பினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள், பிறகு மொட்டை மாடி, பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. திறந்த வெளிக்குப் போகும்போது பத்து மீட்டர் பருத்திக் கயிறு வேண்டும். நைலான் கயிறு வேகமாக உருவினால் உள்ளங்கைத் தோல் போய்விடும். கயிற்றைக் கழுத்து பெல்ட்டில் கட்டாதீர்கள், மார்போடு சேர்த்து மாட்டுகிற ஹார்னஸில் கட்டுங்கள். ஓடுகிற வேகத்தில் கயிறு இழுபட்டால் கழுத்து தாங்காது.

வரவில்லை என்றால் "இந்தா இந்தா இந்தா" என்று அடுக்காதீர்கள், அது வெறும் சத்தமாகிவிடும். விரட்டிக்கொண்டும் போகாதீர்கள், நாய்க்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுங்கள், அல்லது அப்படியே குத்தவைத்து உட்காருங்கள். வந்ததும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தாடைக்குக் கீழே தடவி, பெல்ட்டைத் தொட்டு, ஈரலைக் கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப விட்டுவிட வேண்டும். ரொம்பப் பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று தெரிந்த நாய் எதற்காக வரும்?

இவ்வளவு பழகிய பிறகும், கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் மயில் திரிகிற காட்டோரத்தில் கயிறில்லாமல் விடாதீர்கள். ரத்தத்தில் ஊறியதை ஈரலால் முழுக்க மாற்ற முடியாது. மயிலைப் பிடித்துவிட்டால் சட்டப்படியும் பெரிய சிக்கல்.

அந்தத் தம்பியின் குட்டி மறுபடி ஓடும், கண்டிப்பாக ஓடும். பத்து வீடு தள்ளிப் போய் அரைமணி நேரம் அலையவிட்டுத் திரும்பி வந்தாலும், வருகிற குட்டியைத் தடவிக் கொடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது தடவிக் கொடுங்கள். கோபத்தை கேட் தாழ்ப்பாள்மேல் காட்டி, அன்றைக்கே அதைச் சரிசெய்யுங்கள்.

ஊசி முடியட்டும் என்று குட்டியை அடைத்து வைப்பது

இதில் பாதி நியாயம் இருக்கிறது. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுத்துக் கொல்கிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும், ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிட்டால் ஆபத்துதான். ஆனால் மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம்வரைதான் குட்டியின் மனது திறந்திருக்கிற காலம். அப்போது பார்த்ததும் கேட்டதும் அதற்குச் சொந்தம். பார்க்காததெல்லாம் பிற்பாடு பயம். பயந்த நாய்தான் கடிக்கும்.

தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாமே. தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடையில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், புல்லட் சத்தம், தூரத்தில் கேட்கிற கொட்டுச் சத்தம் எல்லாம் தோளில் இருந்தபடியே பழகட்டும். சத்தம் வரும்போதெல்லாம் வாயில் ஒரு துண்டு கறி. சித்திரைத் திருவிழா நடக்கிற ஊரில் இருந்துகொண்டு, குட்டியை மூன்று மாதம் மோட்டார் ரூமில் வைத்துவிட்டு, தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் நடுங்குகிறதே என்று எனக்குப் போன் செய்தால் நான் என்ன செய்ய முடியும்? எட்டு மாத நாய்க்கு அந்தப் பயத்தைக் குறைக்கலாம். முழுக்க எடுப்பது கஷ்டம்.

முப்பது நாள் குட்டியை வாங்குவது

தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். அதற்கு முன்னால் பிரித்துக் கொண்டுவந்துவிட்டு, "கை காலெல்லாம் கடிச்சு வைக்குது" என்கிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஆளுக்கு ஒரு சொல்

தாத்தா "உக்காரு", பேரன் "சிட்", அம்மா "ஓரமாப் போய் இரு". மூன்றும் ஒன்றுதான் என்று நாய்க்கு யார் சொல்வது? எந்த மொழியானாலும் சரி, ஒரு காரியத்துக்கு ஒரு சொல். தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பது

வேண்டவே வேண்டாம். எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள்.

சூ காட்டுவது

வாசலில் வருகிறவர்மேல் சூ காட்டிப் பழக்கிய நாய், ஒருநாள் உங்கள் அண்ணன் மகனைக் கடிக்கும்.

பதினொரு மணி வெயிலில் பழக்குவது

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வையுங்கள். ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும்.

காது கேட்காத நாய்க்குப் பிடிவாதக்காரப் பட்டம்

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஏழு மாத ராஜபாளையம், பாலில் தோய்த்த மாதிரி வெள்ளை. "சொன்ன பேச்சே கேக்குறதில்லண்ணே, அடிச்சும் பாத்தாச்சு" என்றார் தோட்டத்துக்காரர். நாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதன் முதுகுப் பக்கம் போய், காற்று படாத தூரத்தில் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். காது அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன, நாய் திரும்பவில்லை.

ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு புதிதல்ல. வெள்ளைத் தோல் அழகு என்று தேடித்தேடி இனவிருத்தி செய்கிறோம், அந்த வெள்ளையோடு சேர்ந்தே செவிட்டுத்தன்மையும் வருகிறது. வாங்கும்போதே, குட்டி உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், மற்ற குட்டிகள் திரும்பினால் இதுவும் திரும்பும். தனியாகத் தூக்கி வந்து பாருங்கள்.

அந்தத் தோட்டத்துக்காரர் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் நாயின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டார். நாய்க்குக் கை ஜாடைதான் பாடம் என்று முடிவு செய்தோம். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார வேண்டும், தொடையில் தட்டினால் வர வேண்டும், கட்டைவிரலைக் காட்டினால் ஈரல் உண்டு. ஆறு வாரத்தில் பழகிவிட்டது. ராத்திரி தென்னந்தோப்புக்குள் போய்விட்டால், டார்ச்சை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுகிறார். எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறது.