மழைக்காடுகளை வாசிப்பின் வழியே கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்கான படநூல்கள் பலவற்றில், டூக்கான் பறவையும் ஒராங்குட்டானும் கொரில்லாவும் புலியும் ஒரே மழைக்காட்டில் கூடி வாழ்வதைப் போல வரையப்பட்டிருக்கும். டூக்கான் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. ஒராங்குட்டான் போர்னியோ, சுமத்ரா தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. கொரில்லா ஆப்பிரிக்காவுக்கும் புலி ஆசியாவுக்கும் உரியவை. இத்தகைய படத்தை விளக்கமின்றிக் காட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதே முதல் தவறு. அதற்காக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. உலக வரைபடத்தை அருகில் விரித்து, ஒவ்வொரு விலங்கின் இருப்பிடத்தையும் குழந்தையையே தேடச் சொன்னால், நூலின் பிழையே நல்ல பாடமாகிவிடும்.

அமேசானிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எண்ணுவதும் தவறு. தமிழ்நாட்டுக் குழந்தைக்கு வால்பாறையைச் சுற்றியுள்ள ஆனைமலைக் காடுகளும், இலங்கைக் குழந்தைக்குச் சிங்கராஜ வனமும் அருகில் இருக்க, மழைக்காடு என்பது தொலைதேசத்து அதிசயம் என்ற எண்ணத்தை நாமே ஏன் விதைக்க வேண்டும்? அதேவேளையில், எல்லாக் காடும் மழைக்காடு ஆகிவிடாது. முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடுதான்.

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதே இவற்றுள் மிகவும் பரவலான தவறு. வாசித்து முடித்ததும் ‘இருவாச்சியின் அலகு என்ன நிறம்?’ என்று கேட்டால், குழந்தை படத்தைப் பார்த்து ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நகர்ந்துவிடும். மாறாக, பெண் இருவாச்சி முதிர்ந்த பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடுவதையும், ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அப்பிளவின் வழியே ஊட்டுவதையும், அது உண்ட பழங்களின் விதைகள் வெகுதூரம் சென்று விழுந்து முளைப்பதையும் நிதானமாகப் படித்துக் காட்டியபின், ‘பெருமரங்களை மட்டும் வெட்டிவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கூடு, குஞ்சு, விதை, அடுத்த தலைமுறை மரம் என்று குழந்தையே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போகும். மழைக்காட்டைப் பற்றி அறிய வேண்டியது இந்தப் பிணைப்பைத்தான். பெயர்கள் தாமாகவே நினைவில் தங்கும்.

அமேசான் ‘உலகின் நுரையீரல்’ என்றும், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அதுவே தருகிறது என்றும் பல நூல்கள் எழுதுகின்றன. அக்காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதும் அங்குள்ள உயிர்களின் சுவாசத்துக்கும் இலைதழை மட்குவதற்குமே செலவாகிவிடுகிறது என்பதால், இக்கூற்றைத் திருத்தித்தான் சொல்ல வேண்டும். காடு பெருமளவு கரிமத்தைச் சேமிக்கிறது, மரங்கள் வெளியிடும் நீராவி மீண்டும் மழையாகிறது என்று சொல்வது உண்மை, வியப்பிலும் குறைந்ததன்று.

காட்டை மனிதரே இல்லாத இடமாகச் சித்திரிப்பதும் பிழையே. ஆனைமலைக் காடுகளைப் பற்றிப் பேசும்போது அங்கே வாழ்ந்துவரும் காடர் மக்களை விட்டுவிடக் கூடாது.

ஐந்தாறு வயதுக் குழந்தையிடம் அழிவுக் கதையிலிருந்து தொடங்குவது அச்சத்தையே தரும். காட்டை நேசிக்கப் பழகியபின், பத்து வயது வாக்கில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்கலாம். குந்திப்புழா ஆற்றின் குறுக்கே திட்டமிடப்பட்ட அணை நீண்ட எதிர்ப்புக்குப்பின் 1983-இல் கைவிடப்பட்டதையும், 1984-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதையும் சொல்லும்போது, அணையைக் கேட்டவர்களுக்கு மின்சாரத் தேவை என்ற காரணம் இருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வயதுக் குழந்தையால் இரு தரப்பையும் எடைபோட முடியும்.