கோர்ஸ் முடிந்த பிறகும் கண் வைத்திருங்கள்

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் போட்ட உடனே தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறோம். பென்சிலின் ஒவ்வாமையில் பெரும்பாலும் அப்படித்தான்: சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்துவிடும், உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். ஆனால் ஆன்டிபயாடிக்கால் அபூர்வமாக வரும் வேறு சில கடுமையான விளைவுகள் நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் மாத்திரையையே மறந்திருப்போம்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். குதிகாலுக்கு மேலே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வீங்கலாம், சிலருக்கு அறுந்தே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே மருந்துக் குறிப்பில் இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது. சில மணி நேரத்திலும் வரலாம், மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சேர்த்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அதிகமாக நடந்ததால் வந்த வலி என்று தேய்த்துவிட்டு மறுபடி ஓடப் போவதுதான் இங்கே நடக்கும் தவறு. வலி வந்ததும் காலுக்கு ஓய்வு கொடுங்கள். அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொன்று, எனக்கு அதைவிடப் பயம் தருவது, தோலும் வாய், கண்ணின் உள்சவ்வும் புண்ணாகி உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் பாதிப்பு. கோ-டிரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகளால், பொதுவாக முதல் நான்கு வாரங்களுக்குள் வரும். காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று தொடங்குவதால், பழைய நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து அடுத்த மாத்திரையையும் போட்டுவிடுகிறோம். தோல் வலித்துச் சிவந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, வாயோ கண்ணோ புண்ணானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் முடிந்து சில வாரங்கள் ஆனபின் கடும் வயிற்றுப்போக்கு வந்தால், அதை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். குடலில் கிருமி பெருகியிருந்தால் நிலைமை மோசமாகலாம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் முடிந்தபின் கண் மஞ்சளாவதும் அப்படித்தான், கல்லீரலைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி.

அப்புறம், "எனக்கு ஆன்டிபயாடிக் அலர்ஜி" என்று மொட்டையாகச் சொல்வது. பென்சிலின் ஆகாது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதித்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. வெறும் வயிற்றுப்புரட்டலுக்காக நல்ல மருந்தை இழந்துவிடுகிறார்கள். மருந்தின் பெயர், எத்தனையாவது நாள், உடம்பில் என்ன நடந்தது, இந்த மூன்றையும் எழுதிவைத்து அடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள்.