புல்வெளி ரம்ப ஈ: புழுவில் தொடங்கும் தவறுகள்

பெயரில் ஈ இருந்தாலும் ரம்ப ஈ, ஈ இனம் அல்ல. ஈக்கு இறகு 2, இதற்கு 4. குளவி, எறும்பு, தேனீ ஆகியவையே இதன் உறவினர். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ரம்ப ஈயைக் குளவி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். உடலின் நடுவைப் பாருங்கள்: குளவிக்கு இருக்கும் ஒடுங்கிய இடுப்பு இதற்கு இல்லை. கொட்டவும் செய்யாது. பெண்ணின் வயிற்று நுனியில் இருப்பது ரம்பம்; இலையையோ தண்டையோ கீறி, உள்ளே முட்டையைச் செருகத்தான் அது.

பெரிய குழப்பம் புழுவில்தான். பார்வைக்கு அசல் வண்ணத்துப்பூச்சிப் புழுவேதான். நிறத்தை நம்பாதீர்கள், கால்களை எண்ணுங்கள். முன்னால் 3 ஜோடி உண்மைக் கால்கள் இரண்டுக்கும் பொது. அதன் பின்னால், வயிற்றின் அடியில் சதைக் குச்சிகள் போல இருக்கும் பொய்க்கால்கள் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு வழக்கமாக 5 ஜோடிக்கு மேல் போகாது; புல்வெளி ரம்ப ஈக்களின் புழுவுக்கு 7 அல்லது 8 ஜோடி. ரம்ப ஈப் புழுவின் தலையில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கறுப்புக் கண்புள்ளி தெரியும். மேலிருந்து மட்டும் படம் எடுத்தால் இவை எதுவும் பதிவாகாது. பக்கவாட்டிலும் ஒரு படம் வேண்டும்.

எண்ணாமல் விட்டால் மருந்தும் வீண். வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி என்ற பாக்டீரியா மருந்து ரம்ப ஈப் புழுவிடம் வேலை செய்யாது. புல்வெளியில் மருந்துக்கு அவசியமும் இல்லை. டோலெரஸ் என்ற ரம்ப ஈ வகையின் புழுக்கள் புல், கோரை, குதிரைவால் செடி ஆகியவற்றைத் தின்கின்றன; அவை பறவைகளுக்கு உணவு. ரோகோகாஸ்டர் விரிடிஸ் என்ற பச்சை நிற ரம்ப ஈ முதிர்ந்தபின் சிறு பூச்சிகளை வேட்டையாடும்.

வெட்டும்போது வெளி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிப்பது மிகக் கெடுதலான பழக்கம். முட்டை திசுவுக்குள் இருக்கிறது, புழு இலைமேல் இருக்கிறது. புல்லோடு இரண்டும் போய்விடும். மூன்றில் ஒரு பங்கை நிற்க விடுங்கள், அந்தப் பகுதியை ஆண்டுதோறும் மாற்றுங்கள். வெட்டிய புல்லை ஓரிரு நாள் அங்கேயே கிடத்தினால் புழுக்கள் இறங்கிப் பிழைக்கும்.

வளர்த்துப் பார்ப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள். முதிர்ந்த புழு தின்பதை நிறுத்தி, நிறம் மாறி, டப்பாவுக்குள் அங்குமிங்கும் அலையும். நோய் என்று எண்ணிப் புது இலை போடுவதில் பயனில்லை. அது மண் தேடுகிறது. வெறும் டப்பாவில் விட்டால் பெரும்பாலும் கூடு கட்டாமலே சாகும். 5 செ.மீ. ஆழத்துக்குப் பொலபொலப்பான மண் போடுங்கள்; கையில் பிடித்தால் ஒட்ட வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கூட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். குளிர்கால உறக்கம் கொள்ளும் இனங்களை வீட்டுக்குள் சூட்டில் வைக்காமல், வெளியே நிழலில், மழை நேராக விழாத இடத்தில் வையுங்கள்.

வசந்தத்தில் ஒன்றும் வெளிவரவில்லை என்று மண்ணைக் கொட்டிவிடவும் கூடாது. சில இனங்கள் கூட்டுக்குள் இன்னொரு குளிர்காலத்தையும் கழித்து, அடுத்த வசந்தத்தில்தான் இறகோடு வெளிவரும். அதுவரை மண்ணின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.